நிழல் இருபது மடங்கு நீளும் ஊர்



தொழுகை நேரங்களைப் பற்றிய பாடத்தை மதரஸாவில் நடத்தும்போது நான் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. மாணவர் ஒருவரை முற்றத்து வெயிலில் நிறுத்தி, அவருடைய நிழலைக் காலடியால் அளக்கச் சொல்வேன். சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்ததும் ளுஹர். உச்சி நேரத்து நிழலைக் கழித்துவிட்டுப் பார்க்கையில், ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் உயரத்தை எட்டியதும் அஸர். ஹனஃபீ மத்ஹபின்படி அது இரு மடங்கு. இவ்வளவையும் ஒரு முற்றத்திலேயே விளக்கி முடித்துவிடலாம். ஆனால் அப்பாடத்தின் இறுதியில், இரவும் பகலும் வழமைக்கு மாறாக அமைந்த நாடுகளைக் குறித்துச் சில வரிகள் வரும். இருபது ஆண்டுகளாக அவ்வரிகளை இரண்டே நிமிடங்களில் கடந்து வந்தவன் நான். நமக்கு வேண்டிய மஸ்அலா அன்று அது என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு பதினான்கு வயது மாணவர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் அது யாருக்கு வேண்டிய மஸ்அலா, ஹஜ்ரத்? அங்கே யாரேனும் இருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டார். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விட்டேன். அன்று அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய விடையைத்தான் இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

இருக்கிறார்கள். அவர்களுள் ஒரு சாரார் வாழும் ஊரின் பெயர் இக்காலுயிட்.

உலகப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனடா நாட்டின் வடகிழக்கு மூலையில் பாஃபின் தீவு என்னும் பெருந்தீவு கிடக்கிறது. உலகத் தீவுகளில் பரப்பால் ஐந்தாவது அது. அதன் தென்பகுதியைப் பிளந்துகொண்டு நீண்ட விரிகுடா ஒன்று உள்ளே செல்கிறது. 1576-இல் சீனாவுக்குக் கடல்வழி தேடி வந்த மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்ற ஆங்கிலேய மாலுமி, அவ்விரிகுடாவை மறுகடலுக்குச் செல்லும் நீரிணை என்றே நம்பிவிட்டார். அங்கிருந்த கருங்கற்களைப் பொன் என்று எண்ணிக் கப்பல் கப்பலாய் இங்கிலாந்துக்குச் சுமந்து சென்றதும், அவை வெறுங்கற்களாய் முடிந்ததும் தனிக்கதை. அவர் பெயரால் வழங்கிய அந்த விரிகுடாவின் உள்முனையில்தான் நம் ஊர் அமைந்துள்ளது. நெடுங்காலம் ஊருக்கும் அவர் பெயரே இருந்தது. 1987 ஜனவரி முதல் நாள் அது நீங்கி, அம்மண்ணின் மக்களாகிய இனுயிட்டுகள் தம் மொழியில் வழங்கிவந்த இக்காலுயிட் என்ற பெயர் முறைப்படி நிலைபெற்றது. மீன்கள் நிறைந்த இடம் என்பது அதன் பொருள்.

இது ஒரு தலைநகரம் என்றால் வியப்பீர்கள். 1999 ஏப்ரல் முதல் நாள் கனடாவின் வடபுலத்திலிருந்து நுனாவுட் என்னும் புதிய ஆட்சிப்பகுதி பிரிக்கப்பட்டது. 'எங்கள் நிலம்' என்று பொருள்படும் அப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தைப் போல் பதினாறு மடங்கு. அவ்வளவு பெரிய நிலத்தில் 2021 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் 36,858 பேர். தலைநகரில் 7,429 பேர். நுனாவுட்டின் இருபத்தைந்து ஊர்களில் ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலை கிடையாது. தென் கனடாவிலிருந்து இக்காலுயிட்டுக்கும் சாலையில்லை, இருப்புப்பாதையில்லை. ஊருக்குள் ஓடும் ஒரு வீதிக்கு 'எங்கும் செல்லாத சாலை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே உண்மை பேசும் மக்கள் போலும்.

ஆகவே எல்லாம் வானிலிருந்தோ கடலிலிருந்தோ வர வேண்டும். கடலோ ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். கோடையில் பனிக்கட்டி விலகும் மூன்று நான்கு மாதங்களுக்குள் கப்பல்கள் வந்து, ஓராண்டுக்கு வேண்டிய சிமெண்டு முதல் சீனி வரை இறக்கிவிட்டுத் திரும்பியாக வேண்டும். அங்கே கடலின் ஏற்றவற்றமும் சாதாரணமானதன்று. பெருவற்றத்திற்கும் பெருவெள்ளத்திற்கும் இடையே நீர்மட்டம் முப்பத்தைந்து அடி வரை வேறுபடும். 2023-இல் ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்படும்வரை, பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தட்டையான படகுகள் ஏற்றம் பார்த்துச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. மரம் என்று சொல்லத்தக்க மரம் அங்கில்லை. வயலில்லை. நிலத்தின் மேற்பரப்பிற்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் உறைந்தே இருப்பதால், வீடுகளைத் தரையில் படியவிடாமல் தூண்களின்மேல் நிறுத்துகிறார்கள். வீட்டின் வெப்பம் மண்ணை இளக்கினால் வீடே சாய்ந்துவிடும். பிப்ரவரியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 27 பாகை அளவில் இருக்கும். கோடையின் உச்சமான ஜூலையிலும் எட்டு ஒன்பது பாகைதான்.

இனி, மாணவரின் கேள்விக்குரிய சூரியனுக்கு வருவோம்.

இக்காலுயிட் துருவ வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே, 63¾ பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. எனவே சூரியன் மாதக்கணக்கில் மறைந்துபோவதும் இல்லை, மாதக்கணக்கில் மறையாமல் நிற்பதும் இல்லை. ஒவ்வொரு நாளும் உதயமும் உண்டு, அஸ்தமனமும் உண்டு. ஆனால் எப்படிப்பட்ட உதயம், எப்படிப்பட்ட அஸ்தமனம்! டிசம்பர் பிற்பகுதியில் பகல் நான்கே கால் மணி நேரத்தை ஒட்டியது. நண்பகலிலும் சூரியன் அடிவானத்திற்கு மேல் மூன்று பாகை உயரமே ஏறும். அந்த வெயிலில் ஒருவர் நின்றால், அவர் நிழல் அவரைப் போல் இருபது மடங்குக்கு நெருங்கி நீளும். ஐந்தடி உயரமுள்ள சிறுவனுக்கு நூறடி நிழல்! நம் முற்றத்துப் பாடத்தை அங்கே நடத்த முற்றம் போதாது, தெரு வேண்டும். உச்சி நிழலைக் கழித்து அஸரைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஷாஃபிஈ மத்ஹபின்படி, சூரியன் சாய்ந்த அரை மணிக்குள்ளாகவே அஸர் வந்துவிடுகிறது. பிற்பகல் ஒன்றே முக்கால் மணிக்கு முன்பே மஃரிப்.

ஜூனில் எல்லாம் தலைகீழ். அதிகாலை இரண்டு மணி கடந்த சற்று நேரத்தில் உதயம், இரவு பதினொரு மணிக்கு அஸ்தமனம். பகல் இருபத்தொரு மணிக்கு நெருக்கம். எஞ்சிய மூன்று மணி நேரத்திலும் சூரியன் அடிவானத்திற்குக் கீழே மூன்று பாகைதான் இறங்குகிறது. ஆகவே இருள் என்பதே வருவதில்லை. மாலைச் செம்மை மறையும் முன்னரே வைகறைச் செம்மை அதனுடன் கலந்துவிடுகிறது. செம்மை மறைந்தால் இஷா என்று நாம் ஓதுகிறோம். மறையவே இல்லையென்றால் இஷா எப்போது? ஸஹர் எப்போது முடிகிறது?

இது புதிய கேள்வி அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்தாதின் கலீஃபா அனுப்பிய தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபள்லான், 922-ஆம் ஆண்டு வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த புல்கார் மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு மாலையில், பக்தாதிலிருந்து வந்து குடியேறியிருந்த தையற்காரர் ஒருவருடன் கூடாரத்தில் அமர்ந்து இஷா பாங்குக்காகப் பேசிக்கொண்டே காத்திருந்தார். பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் வைகறை வெளுத்திருக்கிறது! அது ஸுபுஹு பாங்கு என்றும், இஷாவை மஃரிபுடன் சேர்த்தே தொழுதுவிடுவதாகவும் முஅத்தின் சொன்னாராம். ஸுபுஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாகத் தாம் இரவில் உறங்கவே இல்லை என்றும் சொன்னாராம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உறங்காதிருந்த அந்த முஅத்தினின் கவலைதான் பிற்காலத்து ஃபிக்ஹ் நூல்களில் நான் இரண்டு நிமிடங்களில் கடந்த அந்த வரிகளாக ஆயிற்று. ஸஹீஹ் முஸ்லிமில், நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தஜ்ஜாலின் நாட்களில் ஒரு நாள் ஓர் ஆண்டைப் போல் நீளும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அந்நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என்பதே தோழர்கள் கேட்ட கேள்வி. போதாது, அதற்குரிய அளவைக் கணித்துக்கொள்ளுங்கள் என்பது நபிகளாரின் விடையின் கருத்து. தஜ்ஜாலைப் பற்றிக் கேட்டவர்களுக்குத் தொழுகைதான் முதலில் நினைவுக்கு வந்தது என்பதை ஒவ்வொரு முறை ஓதும்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

இக்காலுயிட்டில் இக்கேள்வி 2016-இல் முழு உருவில் வந்து நின்றது. அவ்வாண்டு ரமளான் ஜூன் முதல் வாரத்தில் பிறந்தது. நம் நாட்டில் நோன்பின் நீளம் எப்பருவத்திலும் பதின்மூன்று, பதினான்கு மணி நேரத்தை ஒட்டியே நிற்கும். கோடையில் வந்தால் தாகம் கூடுதல், அவ்வளவே. அங்கே பகல் மட்டுமே இருபத்தொரு மணி நேரம். மீதமுள்ள மூன்று மணிக்குள் நோன்பு திறந்து, உண்டு, மஃரிபும் இஷாவும் தராவீஹும் தொழுது, மீண்டும் ஸஹர் செய்ய வேண்டும். காலையில் வேலைக்கும் போக வேண்டும்.

அங்கிருந்த முஸ்லிம்கள் ஏறத்தாழ நூறு பேர். பல நாடுகளிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர், ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தெற்கே உள்ள கனடாவின் தலைநகர் ஒட்டாவாவின் நேரத்தைப் பின்பற்றினார்கள் என்று அந்த ஆண்டில் செய்திகள் வந்தன. ஒட்டாவாவில் இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன் அஸ்தமனம். அந்த நேரத்தில் இக்காலுயிட்டில் சூரியன் இன்னும் வானில் நிற்கிறது. சன்னலுக்கு வெளியே வெயில் அடிக்க, உள்ளே பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைக்க வேண்டும். சிலரோ உள்ளூர்ச் சூரியனையே பற்றிக்கொண்டு பதினொரு மணிவரை காத்திருந்தார்கள். ஒரே ஊரில், ஒரே ஜமாஅத்தில் இரண்டு நோன்பு!

சிறியதொரு பிறை வேறுபாட்டிற்கே நம் ஊர்களில் எவ்வளவு பேச்சு எழும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். எனவே அங்கே என்ன சொல்லப்படுகிறது என்று ஆவலோடு தேடிப் பார்த்தேன். மக்காவில் இயங்கும் ராபிதாவின் ஃபிக்ஹ் மன்றம் 1982-இல் எடுத்த முடிவின்படி, இரவும் பகலும் பிரித்தறியத்தக்க இடத்தில் உள்ளூர்ச் சூரியனே அளவு. இயலாதவர் நோன்பை விட்டு, இயலும் நாளில் களாச் செய்யலாம். செம்மை மறையாத இடத்தின் இஷாவுக்கும் ஸுபுஹுக்கும் மட்டுமே கணிப்பு. எகிப்தின் ஃபத்வா இல்லமோ, பகல் அளவு கடந்து நீளும் ஊரினர் மக்காவின் நேர அளவைக் கொள்ளலாம் என்று இடம் தருகிறது. ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு முதற்கருத்தின் பக்கமே மனம் சாய்கிறது. சூரியன் கண்ணெதிரே நிற்கையில் அதை இல்லையென்று கொள்வது எளிதன்று. ஆயினும், மின்விசிறிக்கடியில் அமர்ந்து பதினான்கு மணி நேர நோன்பு நோற்கும் நான், அந்தப் பனிநிலத்துத் தொழிலாளியின் நோன்பைச் செல்லாது என்று கூற நா எழவில்லை. அறிஞர்கள் இடம் தந்த ஒன்றை நான் எந்தத் தகுதியில் பறிப்பது?

இன்னொன்றும் சிந்தனைக்குரியது. சூரியனை நம்பி நேரம் பார்க்க முடியாத அந்நிலத்தில் இனுயிட் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அவர்களும் நம்மைப் போலவே பிறையால் மாதம் எண்ணியவர்கள். அம்மாதங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் நிலத்தில் நிகழ்பவற்றின் பெயர்கள். கடல்நாய்க் குட்டிகள் பிறக்கும் மாதம், கலைமான் கன்றுகள் பிறக்கும் மாதம், பறவை முட்டைகளின் மாதம் என்று செல்லும் அவ்வரிசை. வானம் அடையாளம் காட்டாதபோது மண்ணும் கடலும் காட்டின. கடல்நாயின் கொழுப்பெண்ணெயில் எரியும் கல்விளக்கைப் பெண்கள் அணையாமல் காத்தார்கள். அதுவே வீட்டின் வெளிச்சம், அடுப்பு, ஈர ஆடை உலர்த்தும் வெயில் எல்லாம். வேட்டையில் கிடைத்த இறைச்சியைப் பகிர்ந்துண்பது அவர்களிடத்தில் எழுதாத சட்டம். அவர்களுடைய எழுத்தைப் பார்த்தபோது தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கொரு மகிழ்ச்சி. பாதிரிமார் வழியே பரவிய எழுத்துதான் அது. ஒரு மெய்க்கு ஒரு வடிவம். அதையே திசை மாற்றித் திருப்பினால் உயிர்மெய் மாறும். தனிமெய்யைக் குறிக்கச் சிறிய எழுத்தை மேலே இடுவார்கள், நாம் புள்ளி இடுவதைப் போல. நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.

இம்மக்கள் இந்த ஊரில் திரண்டது முழுதும் விருப்பத்தால் நேர்ந்ததன்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல் அமெரிக்கப் படையினர் அங்கே விமானத்தளம் அமைத்தனர். அதற்கு ஏற்ற சமநிலத்தைக் காட்டிக்கொடுத்தவர் நகாசுக் என்ற இனுயிட் வழிகாட்டி. அதன்பின் 1950-களிலும் 60-களிலும் நிலத்தில் அலைந்து வாழ்ந்த குடும்பங்கள் ஊர்களுக்குள் கொண்டுவரப்பட்டன. பனிவண்டி இழுத்த அவர்களுடைய நாய்கள் கொல்லப்பட்டன. நாய் இல்லையேல் வேட்டை இல்லை, வேட்டை இல்லையேல் கடையின் தயவில்தான் வாழ்க்கை. இவற்றிற்காகக் கனடா அரசு 2019 ஆகஸ்டில், இக்காலுயிட்டிலேயே வந்து மன்னிப்புக் கேட்டது.

அங்குள்ள பள்ளிவாசல் 2016 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மானிட்டோபா மாகாணத்தைச் சேர்ந்த ஜுபைதா தல்லாப் அறக்கட்டளை முன்னின்று கட்டியது. இதே அறக்கட்டளை 2010-இல் இனுவிக் என்ற இன்னொரு வடதுருவ ஊருக்குப் பள்ளிவாசல் ஒன்றை வின்னிபெக் நகரில் முழுதாகக் கட்டி, லாரியிலும் ஆற்றுப் படகிலுமாக நாலாயிரம் கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்டடமே பயணம் செய்து தொழுவோரிடம் வந்தது! இக்காலுயிட்டில் கிப்லா எத்திசை என்று நினைக்கிறீர்கள்? தட்டைப் படத்தில் கோடிழுத்தால் தென்கிழக்கு என்று தோன்றும். பந்து வடிவ உலக உருண்டையை எடுத்து, அவ்வூரிலிருந்து மக்காவுக்கு ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடகிழக்காகக் கிளம்பும். மாணவர்களிடம் இதைச் செய்து காட்டினேன். நம்பாமல் ஒவ்வொருவராக வந்து நூலைப் பிடித்துப் பார்த்தார்கள்.

தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உறைந்த மண்ணில் குழாய் பதிப்பது கடினமாதலால், அவ்வூரின் பல வீடுகளுக்கு லாரியில்தான் தண்ணீர் வரும். வீட்டுத் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போவார்கள். 2021 அக்டோபர் தொடக்கத்தில் குழாய்நீரில் எரிபொருள் நாற்றம் அடிப்பதாக மக்கள் சொல்லத் தொடங்கினர். 12-ஆம் நாள் நகராட்சி நெருக்கடி நிலையை அறிவித்தது. நீரைக் குடிக்கக்கூடாது, காய்ச்சினாலும் கூடாது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகே மண்ணுக்கடியில் 1962-ஆம் ஆண்டளவில் புதைக்கப்பட்டு மறக்கப்பட்டிருந்த எண்ணெய்த் தொட்டி ஒன்றே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. விமானத்தில் புட்டி நீர் வந்திறங்கியது. மக்கள் ஊருக்கு அருகே ஓடும் சில்வியா கிரின்னல் ஆற்றுக்குக் கலங்களோடு சென்று நீர் மொண்டு வந்தார்கள். தடை நீங்க டிசம்பர் 10 ஆயிற்று. நம் ஃபிக்ஹ் நூல்கள் தண்ணீரில்தான் தொடங்குகின்றன. நிறம், சுவை, மணம் மாறியதா என்று பாருங்கள் என்பது முதற்பாடம். இக்காலுயிட் மக்களுக்கு ஆய்வுக்கூடம் உறுதி செய்யும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது.

இவ்வளவையும் ஒருநாள் வகுப்பில் எடுத்துச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாளில் ஏதோ கணக்குப் போட்டார். ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், 2030-இல் இரண்டு முறை வருகிறது. ஒன்று ஜனவரியில், மற்றொன்று டிசம்பரின் கடைசி வாரத்தில் பிறக்கும். அப்போது இக்காலுயிட்டில் நோன்பு எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. பிற்பகல் ஒன்றே முக்கால் அளவில் நோன்பு திறந்துவிடலாம். நாம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்காரும் நேரம் அது. ஒட்டாவாவிலோ அந்நாட்களில் மாலை நான்கரை மணி அளவில்தான் அஸ்தமனம்.

"ஹஜ்ரத், கோடையில் ஒட்டாவாவின் நேரத்தில் நோன்பு திறந்தவர்கள், குளிர்காலத்திலும் ஒட்டாவாவுக்காகக் காத்திருப்பார்களா?" என்றார்.

இம்முறை நான் மழுப்பவில்லை. கிதாபுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன், ஒரு வாரம் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.